தளத் தேடலில் முடிவுகளின் வரிசையைச் சீர்செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலைத்தளத்தின் தேடல் பெட்டியில் சரியான சொல்லைத்தான் தட்டுகிறார்கள். சரியான பக்கமும் தளத்தில் இருக்கிறது. ஆனால் அது மேலே வருவதில்லை. இதைச் சரிசெய்யும் வேலையில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. எலாஸ்டிக்சர்ச், ஓப்பன்சர்ச், சோலர் ஆகிய தேடுபொறிகள் மூன்றுக்கும் அடியில் ஓடுவது லூசீன் என்ற ஒரே நூலகம்தான். வேறு பெயர் சொல்லாத இடங்களில் வரும் இயல்பு மதிப்புகளும் (நாம் எதுவும் மாற்றாவிட்டால் இருப்பவை) கணக்குகளும் அதற்கும் அதன்மேல் எழுந்த இந்தக் கருவிகளுக்கும் உரியவை.

சரியான பக்கம் முதல் பத்து முடிவுகளில் இல்லை. முதலில் எதை மாற்ற வேண்டும்?

உடனே எதையும் மாற்றாதீர்கள். அந்தப் பக்கம் முடிவுகளில் பின்னால் எங்காவது இருக்கிறதா, அல்லது வரவே இல்லையா என்று பாருங்கள். இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். வரவே வராத பக்கத்துக்கு பூஸ்ட் (கூடுதல் எடை) எவ்வளவு ஏற்றினாலும் பயன் இல்லை.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அதே தேடலை, அந்தப் பக்கத்தின் ஐடியை ஃபில்டராக வைத்து ஓட்டுங்கள். ஒரு முடிவு வந்தால் அது வரிசைச் சிக்கல். அடுத்த வேலை, பக்கத்தின் ஸ்கோர் எப்படி வந்தது என்று காட்டும் எக்ஸ்ப்ளைன் வெளியீட்டைப் படிப்பது. பூஜ்யம் வந்தால், பக்கம் இன்டெக்ஸில் (தேடுபொறியின் சொல் அட்டவணையில்) ஏறவே இல்லை, அல்லது சொற்கள் பொருந்தவில்லை. இன்டெக்ஸில் ஏறாததற்குக் காரணம் பெரும்பாலும் பக்கங்களைச் சேகரிக்கும் க்ராலர்தான்: அதற்கு வழிசொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் தடை இருக்கும், அல்லது உள்ளடக்கம் ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகே திரையில் தோன்றும், க்ராலருக்குக் கிடைத்தது வெறும் கூடு. சொற்கள் பொருந்தவில்லை என்ற சந்தேகம் இருந்தால் உரையைச் சொற்களாகப் பிரித்துக் காட்டும் அனலைஸ் ஏபிஐயில் தேடுசொல்லை ஒருமுறையும் பக்கத்தில் உள்ள வரியை ஒருமுறையும் கொடுத்து, வெளிவரும் டோக்கன்களை (சொல் துண்டுகளை) ஒப்பிடுங்கள். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இல்லாவிட்டால் இன்டெக்ஸுக்கு அவை இரண்டு வேறு சொற்கள்.

மெனு, அடிக்குறிப்பு, பக்கப்பட்டை எல்லாம் இன்டெக்ஸில் சேர்ந்தால் என்ன கெடும்?

நிறையக் கெடும். பெரும்பாலான தளங்களில் முதலில் செய்ய வேண்டிய வேலை இந்தக் குப்பையைக் களைவதுதான். எண்களைத் திருகுவது அதற்குப் பிறகு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘விதிகள்’, ‘தொடர்பு’, ‘கட்டணம்’ என்று இணைப்புகள் இருந்தால் அந்தச் சொற்கள் எல்லாப் பக்கத்திலும் இருப்பதாகக் கணக்காகும். அரிய சொல்லுக்குக் கிடைக்க வேண்டிய எடை அவற்றுக்குக் கிடைக்காது. தவிர, நாற்பது சொல் மட்டுமே உள்ள குறும்பக்கம் முந்நூறு சொல் நீளமாகத் தெரியும். மூலப் பக்கத்தில் முதன்மை உள்ளடக்கம் உள்ள பகுதியை மட்டும் எடுத்து உடல் ஃபீல்டில் (முதன்மை உரைக்கான தனிப் பகுதியில்) வையுங்கள். பக்கத் தலைப்பின் வாலில் ஒட்டிவரும் தளத்தின் பெயரையும் வெட்டிவிடுங்கள்.

ஸ்கோர் எப்படிக் கணக்காகிறது?

பிஎம்25 என்ற சூத்திரம். லூசீன் 6.0 வெளியான 2016 முதல் அதுவே இயல்பு. ஒவ்வொரு தேடுசொல்லுக்கும் இரண்டு எண்களைப் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் ஸ்கோர்.

முதல் எண், அந்தச் சொல் எவ்வளவு அரிது என்பது. இந்த எண்ணத்தை 1972இல் முன்வைத்தவர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ். 10,000 பக்கங்களில் 10 பக்கங்களில் மட்டும் இருக்கும் சொல்லுக்கு 6.86 கிடைக்கும். 5,000 பக்கங்களில் இருக்கும் சொல்லுக்கு 0.69 மட்டுமே. பத்து மடங்கு வித்தியாசம்.

இரண்டாவது, அந்தப் பக்கத்தில் சொல் எத்தனை முறை வருகிறது என்பது. ஆனால் நேர்விகிதத்தில் அல்ல. சராசரி நீளமுள்ள பக்கத்தில் ஒருமுறை வந்தால் 0.45, இருமுறைக்கு 0.63, ஐந்து முறைக்கு 0.81, பத்து முறைக்கு 0.89. அதற்குமேல் எத்தனை தடவை திணித்தாலும் 1ஐத் தாண்டாது. இந்த வளைவின் வேகத்தைத் தீர்மானிப்பது கே1, இயல்பு 1.2. பக்கத்தின் நீளத்துக்கு எவ்வளவு தண்டனை என்பதைத் தீர்மானிப்பது பி, இயல்பு 0.75.

எக்ஸ்ப்ளைன் வெளியீடு பக்கம் பக்கமாக வருகிறது. அதில் எதைப் படிப்பது?

எப்போதும் இரண்டு பக்கங்களின் எக்ஸ்ப்ளைனை அருகருகே வையுங்கள்: மேலே வந்த தவறான பக்கம், கீழே போன சரியான பக்கம். தனியாக ஒன்றைப் படித்தால் ஒன்றும் விளங்காது. கேள்வி ஒன்றுதான்: எந்தச் சொல், எந்த ஃபீல்டில், எந்த எண்ணால் வித்தியாசம் வந்தது?

‘ரீஃபண்ட் விதிகள்’ என்று தேடுவதாக வைத்துக்கொள்வோம். ‘ரீஃபண்ட்’ 10,000இல் 10 பக்கங்களில் இருக்கிறது. ‘விதிகள்’ 5,000 பக்கங்களில். சரியான பக்கம் முழு விதிமுறை ஆவணம். சராசரியைப் போல நான்கு மடங்கு நீளம். இரு சொற்களும் ஒவ்வொரு முறை. நீளத் தண்டனைக்குப் பிறகு 0.45 என்பது 0.20 ஆகச் சுருங்கும், மொத்தம் 1.54. இரண்டு சொல்லையும் போகிற போக்கில் ஒருமுறை குறிப்பிடும், சராசரியில் பாதி நீளமுள்ள அறிவிப்புக்கோ 0.57; மொத்தம் 4.31. சொற்கள் அதே, எண்ணிக்கை அதே. நீளம் மட்டுமே ஒன்றை மற்றதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காக்கிவிட்டது. இதைப் பார்த்த பிறகுதான் மருந்து என்ன என்று யோசிக்க முடியும்: இங்கே விதிமுறைப் பக்கத்தின் தலைப்பில் ‘ரீஃபண்ட்’ இல்லை என்பதே மூலக் காரணமாக இருக்கலாம்.

ஒரு சின்னக் குழப்பம்: எலாஸ்டிக்சர்ச்சின் எக்ஸ்ப்ளைனில் நீங்கள் வைக்காத 2.2 என்ற பூஸ்ட் தெரியும். பயப்பட வேண்டாம், அது கே1 கூட்டல் 1. எல்லாப் பக்கத்துக்கும் ஒன்றே என்பதால் வரிசையை மாற்றாது. மேலே உள்ள கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

அப்படியானால் கே1, பி இரண்டையும் மாற்றிப் பார்க்கலாமா?

மாற்றலாம், ஆனால் கடைசியாக. ஃபீல்டுக்கு ஃபீல்டு தனியாக வைப்பதுதான் அறிவு. தலைப்பில் ஒரு சொல் இருமுறை வருவதற்குப் பெரிய பொருள் இல்லை, கே1ஐ 0.3 அளவுக்கு இறக்கலாம். நீண்ட ஆவணமே தரமான ஆவணமாக இருக்கும் தளங்களில், அதாவது கையேடுகள், சட்டத் தொகுப்புகள் போன்றவற்றில், உடல் ஃபீல்டின் பியை 0.3 முதல் 0.5 வரை குறைத்துப் பார்க்கலாம். எலாஸ்டிக்சர்ச்சில் இதை மாற்ற இன்டெக்ஸை மூடித் திறக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் நேராகச் செய்யாமல் ஒரு நகலில் செய்து பாருங்கள்.

தலைப்புக்கு எவ்வளவு பூஸ்ட் கொடுப்பது?

2 அல்லது 3இல் தொடங்குங்கள். பத்து, இருபது என்று போட்டிருக்கும் அமைப்புகளில் பூஸ்ட் வேறு ஏதோ கோளாறை மூடி மறைத்துக்கொண்டிருக்கும்.

பலர் கவனிக்காத விஷயம்: சொல்லின் அரிமை (எவ்வளவு அரிது என்பது) ஒவ்வொரு ஃபீல்டுக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படுகிறது. ‘கணக்கு’ என்ற சொல் 4,000 பக்கங்களின் உடலில் இருக்கலாம். தலைப்பில் 6 பக்கங்களில் மட்டும் இருக்கலாம். அப்போது தலைப்பு ஃபீல்டில் அதன் எடை ஏற்கெனவே வானத்தில் இருக்கும். அதன்மேல் பத்து மடங்கு பூஸ்ட் ஏற்றினால் தலைப்பில் அந்த ஒரு சொல் மட்டும் உள்ள பக்கம், மூன்று தேடுசொற்களும் உடலில் உள்ள பக்கத்தைத் தள்ளிவிட்டு மேலே உட்காரும்.

பல ஃபீல்டுகளின் ஸ்கோரை எப்படிச் சேர்க்கிறீர்கள் என்பதும் பூஸ்ட் அளவுக்கு முக்கியம். பெஸ்ட் ஃபீல்ட்ஸ் வகையில் அதிகபட்ச ஃபீல்டு மட்டும் கணக்கில் வரும்; டை பிரேக்கர் கொடுத்தால் மற்றவற்றில் ஒரு பங்கு சேரும். தலைப்பில் 6, உடலில் 4, டை பிரேக்கர் 0.3 என்றால் 7.2. டை பிரேக்கரின் இயல்பு பூஜ்யம் என்பதை நினைவில் வையுங்கள், 0.2 முதல் 0.4 வரை பெரும்பாலும் ஒத்துவரும். மோஸ்ட் ஃபீல்ட்ஸ் எல்லாவற்றையும் கூட்டும். ஒரே உரையை வெவ்வேறு அனலைசரில் (உரையைச் சொல்லாகப் பிரித்துச் சீராக்கும் அமைப்பில்) இன்டெக்ஸ் செய்திருந்தால் அது பொருத்தம். தேடுசொற்கள் வெவ்வேறு ஃபீல்டுகளில் சிதறிக் கிடக்கும் இடங்களில், உதாரணமாக ஆசிரியர் பெயர் ஒரு ஃபீல்டிலும் தலைப்பு இன்னொன்றிலும் இருந்தால், கிராஸ் ஃபீல்ட்ஸ் தேவை. அது எல்லா ஃபீல்டுகளையும் ஒரே பெரிய ஃபீல்டு போலப் பார்க்கும்.

தேடிய எல்லாச் சொற்களும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாமா?

ஒன்றிரண்டு சொல் தேடல்களுக்கு ஆம். நீண்ட தேடல்களுக்குக் கூடாது. ஒரு சொல் தவறினாலும் பூஜ்யம் வரும். மினிமம் ஷுட் மேட்ச் அமைப்பில் ‘2<75%’ என்று கொடுத்தால் இரண்டு சொல் வரை எல்லாமே கட்டாயம். மூன்று சொல்லில் இரண்டு, நான்கில் மூன்று, எட்டில் ஆறு போதும். பின்னம் வந்தால் கீழ்நோக்கி முழுமையாக்கும். ஐந்து சொல்லுக்கு மூன்றே போதும் என்றாகிவிடுவதால் நடுத்தர நீளத் தேடல்களைத் தனியாகச் சோதித்துப் பாருங்கள்.

அது, ஒரு, மற்றும் போன்ற சொற்களை நிறுத்தச் சொற்கள் என்று தூக்கி எறியும் பழைய வழக்கம் இப்போது தேவையில்லை. பிஎம்25 அவற்றுக்கு ஏறக்குறைய ஒன்றும் கொடுப்பதில்லை. ஆனால் எல்லாச் சொல்லும் கட்டாயம் என்று வைத்தால் அவையும் எண்ணிக்கையில் சேரும். அங்கே மட்டும் கவனம்.

சொற்கள் அடுத்தடுத்து இருக்கும் பக்கத்தை மேலே கொண்டுவர?

முதன்மைத் தேடலோடு, கட்டாயமில்லாத துணை விதியாக ஃப்ரேஸ் மேட்ச் ஒன்றைச் சேருங்கள். ஸ்லாப் (சொற்களுக்கிடையே அனுமதிக்கும் நகர்வு) 2 அல்லது 3. பெரிய இன்டெக்ஸில் இது மெதுவாகும் என்றால் ரீஸ்கோராக (ஸ்கோரை மறுபடி கணக்கிடும் இரண்டாம் கட்டமாக) வைத்து முதல் 50 அல்லது 100 முடிவுகளுக்கு மட்டும் ஓட்டுங்கள். ரீஸ்கோரின் இயல்பு ஜன்னல் 10தான். அதை மாற்ற மறந்தால் பதினோராவது இடத்தில் இருக்கும் நல்ல பக்கம் அங்கேயே கிடக்கும்.

தமிழ் உள்ளடக்கத்துக்குத் தனியாக என்ன செய்ய வேண்டும்?

நான்கு விஷயங்கள். அனேகமாக எல்லாத் தமிழ்த் தளங்களிலும் முதல் இரண்டைக் கவனித்தாலே பாதிப் புகார்கள் ஓய்ந்துவிடும்.

யுனிகோடு வடிவம். ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இன்டெக்ஸ் செய்யும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யுனிகோடு வடிவத்துக்கு மாற்றினால் இது தீர்ந்துவிடும். என்எஃப்சி தீர்க்காதவையும் உண்டு: ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வையும் ‘ள’வையும் தட்டுவது, ‘ஸ்ரீ’யை ஸகரத்தில் தொடங்கியும் ஶகரத்தில் தொடங்கியும் எழுதுவது, சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் அகலமற்ற இணைப்பான்கள். இவற்றுக்கு எழுத்து மாற்று அட்டவணை ஒன்றை நீங்களே எழுத வேண்டும்.

வேற்றுமை உருபுகள். பள்ளி, பள்ளியில், பள்ளிகளுக்கு, பள்ளியிலிருந்து எல்லாம் தனித்தனி டோக்கன்கள். ஸ்னோபால் தொகுப்பில் தமிழுக்கான ஸ்டெம்மர் (உருபைக் களையும் நிரல்) இருக்கிறது. சில சொற்களை அளவுக்கு மீறி வெட்டும். அதனால் ஸ்டெம் செய்ததை ஒரு ஃபீல்டிலும் செய்யாததை இன்னொன்றிலும் வைத்து, செய்யாததற்குக் கூடுதல் எடை கொடுங்கள். அப்படியே பொருந்தும் பக்கம் மேலேயும், உருபு மாறிய பக்கம் அடுத்தும் வரும். சந்தியால் ஒட்டும் வல்லின மெய்யையும் சேர்த்துச் சோதியுங்கள்: ‘தமிழ்த் தளம்’ என்ற தொடரில் முதல் டோக்கன் ‘தமிழ்த்’ ஆகிவிடும்.

சொல் பிரிப்பான். சில பிரிப்பான்கள் உயிர்மெய்க் குறிகளை எழுத்தாகவே மதிக்காமல் அங்கே சொல்லை உடைத்துவிடும். அனலைஸில் ‘கேள்வி’ என்று கொடுத்து ஒரே டோக்கன் வருகிறதா என்று பாருங்கள்.

நான்காவது, ரோமன் எழுத்தில் தமிழைத் தட்டுபவர்கள். தேடல் லாகை (பதிவேட்டை) திறந்தால் எத்தனை பேர் என்று தெரியும். எண்ணிக்கை குறிப்பிடும்படி இருந்தால் ஒலிபெயர்த்த வடிவத்தை ஒரு தனி ஃபீல்டில் குறைந்த எடையோடு வையுங்கள்.

எழுத்துப்பிழையை மன்னிக்கும் வசதியைத் தானியங்கியில் விடலாமா?

தமிழுக்கு விடாதீர்கள். ஃபஸினெஸ் ஆட்டோ என்றால் 2 எழுத்து வரை பிழை ஏற்காது, 3 முதல் 5 வரை ஒன்று, அதற்குமேல் இரண்டு பிழைகளை ஏற்கும். ஆனால் இங்கே எழுத்து என்பது யுனிகோடு குறியீடு. ‘கல்’ என்ற சொல்லில் ககரம், லகரம், புள்ளி என மூன்று குறியீடுகள். ஒரு பிழை அனுமதித்தவுடன் கல் தேடியவருக்குக் கள், கண், கடல் எல்லாம் வந்து நிற்கும். நீளவரம்பை நீங்களே வையுங்கள்: 6 குறியீடு வரை பிழை கூடாது, 7 முதல் 12 வரை ஒன்று, அதற்குமேல் இரண்டு என்று தொடங்கிப் பாருங்கள். ல, ள, ழ குழப்பமும் ந, ன, ண குழப்பமும்தான் அதிகம் என்றால், அவற்றை ஒன்றாக்கிய தனி ஃபீல்டு ஒன்றைக் குறைந்த எடையில் வைப்பது ஃபஸியைவிட நல்ல பலன் தரும்.

எந்த மொழியானாலும், பிழை ஏற்கும் தேடலைச் சரியான பொருத்தத்தோடு சம எடையில் கலக்காதீர்கள். முதல் தேடலில் முடிவுகள் குறைவாக இருந்தால் மட்டும் இரண்டாவதாக ஓட்டுவது இன்னும் சுத்தம்.

ஒத்தசொற்களை எங்கே சேர்ப்பது?

தேடும் நேரத்தில். இன்டெக்ஸ் நேரத்தில் சேர்த்தால் பட்டியலில் ஒரு வரி மாறினாலும் முழு இன்டெக்ஸையும் மறுபடி கட்ட வேண்டும். சொற்களின் அரிமைக் கணக்கும் குழம்பும். பல சொல் கொண்ட ஒத்தசொற்கள் இருந்தால் சினனிம் கிராஃப் ஃபில்டரைப் பயன்படுத்துங்கள்.

மடிக்கணினி, லேப்டாப் இரண்டும் இருவழியில் சமம். கணினி என்று தேடுபவருக்கு லேப்டாப்பும் காட்டலாம். ஆனால் லேப்டாப் தேடியவருக்கு எல்லாக் கணினிகளையும் கொட்டினால் எரிச்சல்தான் மிஞ்சும். அதை ஒருவழியாக வையுங்கள். பட்டியலை எங்கிருந்தோ இறக்குமதி செய்வதைவிட, பூஜ்ய முடிவு தந்த தேடல்களைப் பார்த்துச் சேர்க்கும் முப்பது வரிகள் மேல்.

புதிய பக்கங்கள் மேலே வர வேண்டும். தேதியால் வரிசைப்படுத்திவிடலாமா?

கூடாது. தேதியால் வரிசைப்படுத்தினால் நேற்று எழுதிய, தொடர்பில்லாத பக்கம் முதலில் வரும். ஸ்கோரைத் தேதியால் சற்றே திருத்துவதுதான் வழி. வயதேற ஸ்கோரைக் குறைக்கும் டிகே ஃபங்ஷனில் ஆஃப்செட் 30 நாள், ஸ்கேல் 180 நாள், டிகே 0.5 என்று வைத்தால் முதல் 30 நாள் குறைப்பு இல்லை. 210ஆம் நாளில் பாதி. அதன்பிறகு வளைவின் வகைக்கேற்ப நடக்கும். 390ஆம் நாளில் எக்ஸ்பொனென்ஷியல் 0.25 கொடுக்கும், காஸ் 0.0625 மட்டுமே, லீனியர் பூஜ்யம். அதாவது காஸ் வளைவோடு நேரடியாகப் பெருக்கினால் ஓராண்டுக்கு முந்தைய, இன்றும் செல்லுபடியாகும் வழிகாட்டி புதைந்துபோகும். 0.7 கூட்டல் 0.3 பெருக்கல் டிகே என்று எழுதினால் வயது எவ்வளவானாலும் முப்பது சதவீதத்துக்குமேல் இழக்காது. செய்தி, அறிவிப்புப் பக்கங்களுக்கு மட்டும் இதைப் பூட்டி, உதவிப் பக்கங்களை விட்டுவிடுவது இன்னும் நல்லது.

இன்னொன்று: ‘கடைசியாக மாற்றிய தேதி’யை நம்பாதீர்கள். வடிவமைப்பை ஒருமுறை மாற்றினால் எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே தேதி விழுந்துவிடும்.

அதிகம் பார்க்கப்படும் பக்கங்களுக்குக் கூடுதல் எடை கொடுக்கலாமா?

கொடுக்கலாம், பார்வை எண்ணிக்கையை நேராகப் பெருக்காமல். 100,000 பார்வை பெற்ற பக்கம் எதைத் தேடினாலும் வந்துவிடும். 1ஐக் கூட்டி 10 அடிமான மடக்கை எடுத்தால் 10 பார்வைக்கு 1.04, 100,000 பார்வைக்கு 5. ஆனால் லாக்1பி என்ற இந்த மடக்கையைக் கொண்டு பெருக்கும்போது ஒரு பொறி இருக்கிறது: பார்வை பூஜ்யமான புதிய பக்கத்துக்கு மடக்கையும் பூஜ்யம், ஸ்கோரும் பூஜ்யம். மடக்கையோடு இன்னொரு 1ஐக் கூட்டிப் பெருக்குங்கள். அல்லது சாச்சுரேஷன் வடிவம்: பார்வையை, பார்வை கூட்டல் நடுப்புள்ளியால் வகுப்பது. நடுப்புள்ளி 500 என்றால் 100 பார்வைக்கு 0.17, 500க்கு 0.5, 50,000க்கு 0.99. எல்லை இருப்பதால் இதைக் கட்டுக்குள் வைப்பது எளிது. எண்ணிக்கையைக் கடைசி 90 நாளுக்கு மட்டும் எடுங்கள்.

சீர்செய்தது உண்மையில் பலன் தந்ததா என்று எப்படி அளப்பது?

இதை முதல் கேள்வியாகவே கேட்டிருக்க வேண்டும். அளவுகோல் இல்லாமல் பூஸ்ட்டை மாற்றினால் ஒரு தேடல் சரியாகும், பார்க்காத பத்துத் தேடல் கெடும்.

லாகிலிருந்து 50 முதல் 100 தேடல்களை எடுங்கள். மூன்றில் ஒரு பங்கு மிக அதிகம் தட்டப்படுபவை, ஒரு பங்கு நடுவில், ஒரு பங்கு எப்போதோ வரும் நீண்டவை. அதிகம் தட்டப்படுபவற்றை மட்டும் எடுத்தால் வால் பகுதி முழுவதும் கண்ணில் படாது. ஒவ்வொரு தேடலுக்கும் முதல் பத்து முடிவுகளுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுங்கள்: 3 என்றால் இதைத்தான் தேடினார், 2 பயன்படும், 1 தொட்டுச் செல்கிறது, 0 பொருத்தமில்லை. போடுபவர் உள்ளடக்கம் தெரிந்தவராக இருக்கட்டும். வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர்கள் இதை நிரலாளர்களைவிட நன்றாகச் செய்வார்கள். முடிந்தால் இருவர் தனித்தனியாகப் போட்டு, வேறுபடும் இடங்களைப் பேசித் தீர்க்கட்டும். பெரும்பாலும் அங்கே தேடலே இருபொருள்படுவதாக இருக்கும்.

பிறகு என்டிசிஜி, அதாவது வரிசையின் தரத்தை அளக்கும் எண். மதிப்பெண் 3க்கு 7 புள்ளி, 2க்கு 3, 1க்கு 1. முதல் இடத்துக்கு முழுப் புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 0.63 பங்கு, மூன்றாவதற்கு 0.5, நான்காவதற்கு 0.43, ஐந்தாவதற்கு 0.39. முதல் ஐந்தின் மதிப்பெண்கள் 0, 3, 1, 0, 2 என்ற வரிசையில் இருந்தால் கூட்டுத்தொகை 6.08. சிறந்த வரிசையான 3, 2, 1, 0, 0க்கு 9.39. வகுத்தால் 0.65. முதல் இரண்டை மட்டும் இடம் மாற்றினால் 0.92. மேலே ஓர் இடம் எவ்வளவு முக்கியம் என்று இதிலேயே தெரியும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். சராசரி ஏறியதா என்று மட்டும் பார்க்காமல் எந்தெந்தத் தேடல்கள் இறங்கின என்று பட்டியலிடுங்கள். புதிய அமைப்பு மதிப்பெண் போடாத பக்கங்களை மேலே கொண்டுவந்தால் அவை 0 எனக் கணக்காகும். அவற்றுக்கும் மதிப்பெண் போட்ட பிறகே முடிவுக்கு வாருங்கள். எலாஸ்டிக்சர்ச்சில் இதற்கென்றே ரேங்க் இவால் ஏபிஐ இருக்கிறது.

கிளிக்குகளை வைத்தே அளந்துவிட முடியாதா?

முதல் இடத்தில் என்ன வைத்தாலும் சிலர் கிளிக் செய்வார்கள். அதனால் கிளிக் எண்ணிக்கை இப்போதைய வரிசையையே நியாயப்படுத்தும். இரண்டு அமைப்புகளை ஒப்பிட இன்டர்லீவிங் நல்ல வழி: இரண்டின் முடிவுகளையும் மாறிமாறிக் கலந்து ஒரே பட்டியலாகக் காட்டி, எதன் முடிவுக்குக் கிளிக் அதிகம் என்று எண்ணுவது. குறைந்த போக்குவரத்துள்ள தளத்தில் ஏபி சோதனையைவிட (பயனர்களை இரு குழுவாகப் பிரித்து ஒப்பிடுவதைவிட) இது சீக்கிரம் பதில் சொல்லும். கிளிக் இல்லாமல் ஒரே நிமிடத்தில் சொல்லை மாற்றி மறுபடி தேடியவர்களின் பட்டியல், என் கணக்கில், லாகிலேயே மிக மதிப்புள்ள பகுதி.

ஒரே தேடலை இருமுறை ஓட்டினால் வரிசை மாறுகிறது. ஏன்?

சொல்லின் அரிமையை ஒவ்வொரு ஷார்டும் (இன்டெக்ஸின் ஒரு துண்டு) தன்னிடம் உள்ள பக்கங்களை மட்டும் வைத்தே கணக்கிடும். அழித்த பக்கங்களும் மெர்ஜ் (உள்கோப்புகளை ஒன்றாக்கும் வேலை) ஆகும்வரை எண்ணிக்கையில் இருக்கும். அது ரெப்ளிகாவுக்கு ரெப்ளிகா (ஷார்டின் நகலுக்கு நகல்) மாறும். சில ஆயிரம் பக்கங்கள் உள்ள தளத்துக்கு ஒரே ஷார்டு போதும். ஒரு பயனரின் தேடல்கள் எல்லாம் ஒரே நகலுக்குப் போகும்படி பிரிஃபரன்ஸ் கொடுங்கள். ஸ்கோர் சமமானால் ஐடியால் வரிசைப்படுத்தும் இரண்டாம் விதியும் வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் பக்கத்துக்குப் போகும்போது அதே முடிவு மறுபடி வரும்.

சில தேடல்களுக்குக் குறிப்பிட்ட பக்கத்தைக் கையாலேயே மேலே ஒட்டிவைப்பது தவறா?

தவறில்லை. மிக அதிகம் தட்டப்படும் இருபது, முப்பது தேடல்களுக்கு அதுவே மலிவான தீர்வு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரும் காலாவதித் தேதியும் எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் மூடிப்போன திட்டத்தின் பக்கம் ஆண்டுக்கணக்கில் முதலிடத்தில் நிற்கும்.

வெக்டர் தேடல் வந்துவிட்டதே, இதெல்லாம் இனியும் தேவையா?

பொருள் சார்ந்த நீண்ட கேள்விகளில், உரையை எண்களாக்கிப் பொருள் நெருக்கத்தைப் பார்க்கும் வெக்டர் தேடல் நன்றாக வேலை செய்யும். விற்பனைப் பொருளின் எண், பிழைக் குறியீடு, ஆட்பெயர் போன்றவற்றில் தடுமாறும். அதற்குப் பூஜ்ய முடிவு என்பதே கிடையாது. எதைக் கேட்டாலும் ஏதோ ஒன்றை அருகில் இருப்பதாகச் சொல்லும். ஆகவே இரண்டையும் கலப்பதே நடைமுறை.

கலக்கும்போது பிஎம்25 ஸ்கோரையும் வெக்டர் தேடல் தரும் கொசைன் ஒப்புமையையும் நேராகக் கூட்டாதீர்கள். ஒன்று 25 வரைகூடப் போகும், மற்றது 1ஐத் தாண்டாது. ஆர்ஆர்எஃப் என்ற முறை ஸ்கோரை விட்டுவிட்டு இடத்தை மட்டும் பார்க்கும்: ஒவ்வொரு பட்டியலிலும் 1ஐ, 60 கூட்டல் இட எண்ணால் வகுத்துக் கூட்ட வேண்டும். முதல் இடத்துக்கு 0.0164, பத்தாம் இடத்துக்கு 0.0143. வித்தியாசம் சிறியது என்பதால் இரு பட்டியலிலும் பத்தாவதாக வரும் பக்கம், ஒன்றில் மட்டும் முதலாவதாக வரும் பக்கத்தைத் தாண்டிவிடும். குறியீடு, எண் தேடல்களில் இது உங்களுக்குப் பாதகம். அவற்றைத் தனியாக அடையாளம் கண்டு சொல் தேடலுக்கு மட்டும் அனுப்புங்கள்.

இயந்திரக் கற்றலால் எடைகளைத் தீர்மானிக்கும் லேர்னிங் டு ரேங்க் இதற்கும் அடுத்த படி. மதிப்பெண் போட்ட ஆயிரக்கணக்கான தேடல்-பக்க இணைகள் கையில் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

தனித் தேடுபொறி இல்லை, டேட்டாபேஸின் தேடலைத்தான் பயன்படுத்துகிறோம். இவை பொருந்துமா?

பாதி பொருந்தும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லின் டிஎஸ் ரேங்க், சொல் எவ்வளவு அரிது என்பதைப் பார்ப்பதே இல்லை. இயல்பில் பக்க நீளத்தையும் பார்க்காது, அதற்குத் தனியாக எண் கொடுக்க வேண்டும். ஏ, பி, சி, டி என நான்கு எடைகள்: 1.0, 0.4, 0.2, 0.1. தலைப்பை ஏ என்றும் உடலை டி என்றும் குறித்தால் பத்து மடங்கு பூஸ்ட் போட்டதாகிவிடும் என்பதை உணர்ந்தே செய்யுங்கள். எஸ்க்யூலைட்டின் எஃப்டிஎஸ்5இல் பிஎம்25 இருக்கிறது; கே1 1.2, பி 0.75 மாற்ற முடியாதவை. அங்கே சிறந்த முடிவுக்குத்தான் மிகச் சிறிய எண் வரும், அதாவது குறை எண். இறங்குவரிசையில் வரிசைப்படுத்தினால் மோசமான பக்கம் முதலில் வரும்.

குறிப்பிட்ட ஸ்கோருக்குக் கீழே உள்ள முடிவுகளை வெட்டிவிடலாமா?

பிஎம்25 ஸ்கோர் அந்தத் தேடலுக்குள் மட்டுமே பொருள்படும். அரிய சொல் இரண்டைத் தேடினால் மோசமான முடிவுக்கும் 9 வரலாம். பொதுச் சொல் ஒன்றைத் தேடினால் சரியான முடிவுக்கே 1.5 வரலாம். எல்லாத் தேடலுக்கும் ஒரே வெட்டு எண் வைத்தால் இரண்டாவது வகைத் தேடல்கள் வெறுமையாகிவிடும். வாலில் வரும் குப்பையைக் குறைக்க வேண்டுமானால் மினிமம் ஷுட் மேட்ச்சை இறுக்குங்கள். அல்லது முதல் முடிவின் ஸ்கோரில் 20 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை உங்கள் நிரலில் மடக்கி, ‘மேலும் காட்டு’ என்ற பொத்தானுக்குப் பின்னால் வையுங்கள்.